கோமதி பெங்களூரில் இருக்கிறாள்

வாங்கம்மா, உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் வாருங்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், இங்கே தாருங்கள், மேஜைமேல் வைக்கிறேன். ஐஸ் பெட்டிதானே? தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. கோமதியைக் கொண்டுவரவில்லையே?

இல்லையா. காலிப் பெட்டியா. சரிதான். அவளை இப்படி ஐஸில் வைத்துக் கொண்டுவர மாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும். உடம்புச் சூடு மாறாமல் அவளை வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சௌதாமினி சொல்லியிருக்கிறார்கள். வாசலில் உங்களைப் பெட்டியோடு பார்த்ததும் ஒரு நொடி பயந்துவிட்டேன். அவ்வளவுதான்.

மெர்லின் என்றுதானே சொன்னீர்கள்? மார்த்தாண்டமா? பேச்சிலேயே தெரிந்தது. லீவுக்கு ஊருக்குப் போகிற வழியில் திருநெல்வேலியில் இறங்கி எங்களையும் பார்க்க வந்தீர்களாக்கும். இந்தக் காலத்தில் யார் வருவார்கள் அப்படி. செத்துப்போன பிள்ளையின் வீட்டுக்கு முதல் வருஷம் வருவார்கள். இரண்டாம் வருஷம் போன் செய்வார்கள். இது மூன்றாவது வருஷம்.

வடிவு, இவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவா. இவள் என் பெரிய மகள். இவளுக்குத்தான் ஆவணியில் கல்யாணம். கோமதிக்கு நாலு வயது மூத்தவள். நல்ல பிள்ளை. ஒரு தொந்தரவும் கிடையாது. வீட்டில் இருக்கிற இடமே தெரியாது.

நன்றாக இருக்கிறாளா? கோமதியைத்தான் கேட்கிறேன்.

தலையை ஆட்டினால் போதாது அம்மா. விவரமாகச் சொல்லுங்கள். இப்போது அவளுக்கு யார் சாப்பாடு மாற்றுகிறது? நீங்களா, அந்தக் கண்ணாடி போட்ட பெண்ணா? நாங்கள் வந்திருந்தபோது அந்தப் பெண்தான் இருந்தாள். ரோஸ் கலரில் ஒரு தண்ணீர், கண்ணாடித் தட்டில் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை விட்டாள். ஓரமாக, ஒவ்வொரு சொட்டாக. பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வேகமாக விட்டால் கோமதிக்குப் புரையேறும்.

“ஞாயித்துக்கிழமையும் வரணும் ஆன்ட்டி. ரெண்டு நாள் விட்டா செத்துரும்” என்றாள்.

“தீபாவளிக்கு?”

“தீபாவளிக்கும்தான். லீவே கிடையாது. எங்க அம்மா திட்டுறாங்க” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அம்மாவைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

நான் விவரம் தெரியாதவள் இல்லை. பி.எஸ்.சி. தாவரவியல் படித்தவள். வெங்காயத் தோலை உரித்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் வரைந்திருக்கிறேன். செல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் நாத்தனார் பிரமசக்திக்குத்தான் தெரியாது. இந்தத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்: “என் தம்பி பொண்டாட்டி பெங்களூர்ல கண்ணாடித் தட்டுல பிள்ளை வளக்கா. எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறாளாம், கேட்டுச் சொல்லுங்க.” சொல்லட்டும். படிக்காதவர்கள் சொல்வதற்கெல்லாம் வருத்தப்பட முடியுமா?

கோமதி பேசியவள்தான், தெரியுமா? பிறக்கும்போது ஒரு குறையும் இல்லை. குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காக்காவைக் காட்டி ‘கா’ என்பாள். பால் என்பாள், பூ என்பாள். கையில் எது கிடைத்தாலும் ‘இந்தா’ என்று நீட்டுவாள். செருப்பு, வெங்காயம், அவள் அப்பாவின் மூக்குக் கண்ணாடி, எல்லாம் இந்தா. ஒன்றரை வயதுக்குமேல் ஒவ்வொன்றாகப் போயிற்று. முதலில் பூ போனது. பிறகு பால். கொடியிலிருந்து துணி எடுக்கிற மாதிரி, இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. கடைசியில் இந்தா மட்டும் மிஞ்சியது. கையில் ஒன்றுமே இல்லாமல் நீட்டி, இந்தா என்பாள். நானும் வாங்கிக்கொள்வேன். ஒருநாள் அதுவும் நின்றுவிட்டது. கையை நீட்டுவதும் நின்றுவிட்டது. பிறகு அந்தக் கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தன, தூங்குகிற நேரம் தவிர.

பார்க்காத வைத்தியம் இல்லை. வலிப்புக்கு மருந்து கொடுத்தார்கள். பெயர் மட்டும் யாரும் சொல்லவில்லை. வியாதிக்குப் பெயர் இல்லாமல் ஒரு பிள்ளையை வளர்ப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. கல்யாண வீட்டில், பஸ்ஸில், “பிள்ளைக்கு என்ன?” என்று கேட்பார்கள். பெயர் இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

கோமதிக்குப் பதிமூன்று வயதாகும்போதுதான் உங்கள் ஆராய்ச்சி பற்றிக் கேள்விப்பட்டுப் பெங்களூர் வந்தோம். டாக்டர் சௌதாமினி முதலில் கேட்டது இதுதான்: “சொந்தத்துல கல்யாணமா?”

இவர் சொன்னார், “சொந்தமெல்லாம் இல்லீங்க டாக்டர். மாமா பொண்ணுதான்.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு இவரையே பார்த்தார்கள். பிறகு எங்கள் அப்பா அம்மா, அவர்களுடைய அப்பா அம்மா என்று கேட்டுக் கேட்டு வட்டமும் கட்டமுமாக வரைந்தார்கள். வரைந்து முடித்தபோது கோடுகள் எல்லாம் சுற்றிச் சுற்றி அந்த நாலைந்து பேரிடமே வந்து நின்றன. என்னவோ கோலம் தப்பிப்போன மாதிரி இருந்தது. எங்கள் இரண்டு பேர் ரத்தத்திலும் ஒரே பிசகு இருக்கிறதாம். எங்களை அது ஒன்றும் செய்யாது. இரண்டு பக்கமும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் இப்படியாம். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணுகிற அளவு குடும்பங்களில்தான் இருக்கிறது என்றார்கள். பிரமசக்தி மதினி அதைக் கேட்டுவிட்டு, “நம்ம வீட்டுக்கு மட்டும் எப்படித்தான் அட்ரஸ் கண்டுபிடிச்சு வந்துதோ” என்றார்கள். அவர்களும் அழுதார்கள், சும்மா சொல்லக் கூடாது.

அப்போதுதான் கோமதியின் கையிலிருந்து பயறு அளவுக்குத் தோல் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஆனாலும் அவள் கத்தினாள். வடிவுதான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாடினாள். என்ன பாடினாளோ, நினைவில்லை. நான் அந்தத் தோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் புட்டியில் போட்டு மூடினார்கள். அதில்தான் கோமதி தப்பித்தாள்.

என்ன அம்மா? இருங்கள், நீங்கள் வந்த விஷயம் எனக்குத் தெரியும். சொல்லி முடித்துவிடுகிறேன். வடிவு, காபி போட்டாயா? சீனி கொஞ்சமாகப் போடு.

பதினேழு வயதில் போனாள். நெஞ்சில் சளி. மார்கழி மாதம். உடம்பைக் கொண்டுபோனார்கள், ஆற்றங்கரையில் புதைத்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று இவர் இங்கே வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனார், அவரிடமும் இதைத்தான் சொன்னேன். உடம்பு போய்விட்டது. யார் இல்லையென்றது? ஆனால் முழுதாகப் போய்விட்டாள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அடுத்த வருஷம் உங்கள் இடத்தில் குடும்பங்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள் அல்லவா, அதற்கு நாங்களும் வந்தோம். பிள்ளை இல்லாமல் வந்தது நாங்கள் மட்டும்தான். சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டர் எங்களை மட்டும் தனியாக உள்ளே கூட்டிப்போனார்கள். காலுக்கு நீல உறை மாட்டச் சொன்னார்கள். இவர் செருப்பைக் கழற்றியதோடு தோளில் கிடந்த துண்டையும் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், சந்நிதிக்குள் போகிற மாதிரி.

“இது உங்க பொண்ணோட நரம்பு செல்லும்மா. தோல்ல இருந்து எடுத்து, மாத்தி வளர்த்தது” என்று டாக்டர் காட்டினார்கள். நட்சத்திரம் நட்சத்திரமாக, ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய இழைகள் நீண்டு, பக்கத்தில் இருப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தன. பிறகு ஒரு திரையில் புள்ளிகள். தூறல் விழுகிற மாதிரி, இங்கே ஒன்று அங்கே ஒன்று, திடீரென்று எல்லாம் சேர்ந்து ஒரு பொழிவு, அப்புறம் ஓய்ந்துவிடும். டாக்டர் சொன்னார்கள், “ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது. மத்தவங்க செல் மாதிரி சீரா பேசல. ஆனா பேசுது.”

பதினைந்து வருஷம் பேசாத பிள்ளை அம்மா.

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் கதவை மூடுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வருகிற வழியெல்லாம் ரயிலில் ஒரே குளிர். என் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, யாருக்கோ இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதும் இந்த வீட்டில் அப்படித்தான் உட்காருகிறேன். இவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று எல்லாரும் ஓய்ந்துபோவார்கள் பாருங்கள், அந்த நேரத்தில் பெங்களூரில் ஒரு பொழிவு பொழிந்திருக்கும் என்று தோன்றும். அவளுக்குச் சீராகப் பேச வராது. ஆனால் பேசுகிறாள்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். உங்களால்தான் இது தீர வேண்டும்.

உங்கள் பக்கத்தில் உண்டோ என்னவோ, எங்கள் வீடுகளில் கல்யாணம் ஆகாமல் ஒரு பெண்பிள்ளை செத்துப்போனால் அவளை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், மை எல்லாம் வாங்கி ஓர் ஓலைப்பெட்டியில் வைத்து, வெள்ளிக்கிழமையில் படையல் போட்டு, பெட்டியை உயரத்தில் வைத்துவிடுவார்கள். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் துணி கன்னிக்குத்தான். அவளுக்குக் கொடுக்காமல் தாலி கட்டினால் அது தங்காது என்பார்கள். வடிவைக் கட்டப்போவது பிரமசக்தி மதினியின் மகன். வெளியாள் இல்லை, முறை மாப்பிள்ளைதான். சின்ன வயதிலிருந்தே பேசி வைத்தது. கோயம்புத்தூரில் மில்லில் வேலை. நல்ல பையன். இங்கே வந்தால் கோமதிக்குத் தலைவாரி விடுவான்.

மதினி பாவாடை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மயில் கழுத்து நிறம். நல்ல துணிதான். நான் தொடவில்லை.

“ஏளா சொர்ணம், செத்த பிள்ளைக்கு ஒரு பாவாடை வைக்க உனக்கு எங்க வலிக்கு?”

“உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எப்படி மதினி கன்னிப் படையல் போடுவேன்?”

“உயிரோட இருக்காளா? கூப்பிடு பாப்போம். வந்து எனக்கு ஒரு சொம்புத் தண்ணி தரட்டும்.”

“இருந்தப்ப மட்டும் தந்தாளாக்கும்” என்றேன். இவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வடிவு என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? இங்கேதான் நின்றிருப்பாள். இல்லை, உள்ளே இருந்தாளோ. கவனிக்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை படையல் போடாவிட்டால் பத்திரிகை அடிக்கப்போவதில்லை என்று மதினி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். “நாளைக்கு என் மருமக வயித்துப் பிள்ளைக்கு ஏதும் ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும் பயம்தான். இவர் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. இப்போதுகூட மதினியைச் சமாதானப்படுத்தத்தான் போயிருக்கிறார், இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். வந்ததும் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோமதி இருக்கிறாள், நான்தான் சாப்பாடு மாற்றுகிறேன், நேற்றுக்கூடப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று. நான் சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆராய்ச்சி செய்கிறவர் சொன்னால் மதிப்பு வேறு.

ஏன் அம்மா அப்படிப் பார்க்கிறீர்கள்?

எதற்கு? வடிவா? வடிவு உங்களுக்குப் போன் செய்தாளா? இவளா வரச் சொன்னாள்?

வடிவு, இங்கே வா. என்ன இது?

ரத்தமா. இவளுக்கு எதற்கு ரத்தம் எடுக்க வேண்டும்? இவளுக்கு ஒன்றும் இல்லையே. பார்த்தால் தெரியவில்லையா, வேலைக்குப் போகிறாள், வருகிறாள். என்ன வேலை வடிவு அது? ஆமாம், இன்சூரன்ஸ் ஆபீஸ்.

கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். நீங்கள் அந்தப் பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னால் எனக்கு மனதில் பதிய மாட்டேன் என்கிறது. எங்கள் பிசகு இவளுக்கும் வந்திருக்கலாம். சரி, தெரியும், டாக்டர் அப்போதே சொன்னார்கள். மாப்பிள்ளைக்கும் இருக்கலாம். ஏன், மதினி என் வீட்டுக்காரரின் அக்காதானே, அந்த ரத்தம்தான். மாப்பிள்ளை போன மாதமே கோயம்புத்தூரில் கொடுத்துவிட்டானா? எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே. வடிவு, நீ ஏன் சொல்லவில்லை?

“சொன்னேன்மா. ரெண்டு தடவ சொன்னேன்.”

எப்போது சொன்னாள்?

சரி, இரண்டு பேருக்கும் இருந்தால்?

திரும்பச் சொல்லுங்கள்.

நாலில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் நாலில் ஒன்று. கோமதிக்கு வந்த மாதிரியே, அதே பிசகு. அதே வியாதி. அப்படியென்றால் முதலில் பேசும், இல்லையா? ஒன்றரை வயது வரைக்கும் பேசும்.

கன்னிக்கு ஒழுங்காகச் செய்தால் அவள் அந்த வீட்டிலேயே திரும்ப வந்து பிறப்பாள் என்று எங்கள் அம்மா சொல்வார்கள். நான் நம்பியதே இல்லை. காலேஜ் படித்தவள், இதையெல்லாம் எப்படி நம்புவேன்? ஆனால் நீங்கள் ஆராய்ச்சி செய்கிறவர். நீங்களே வந்து உட்கார்ந்து கணக்கோடு சொல்கிறீர்கள்.

வடிவு, அத்தைக்குப் போன் போடு. வெள்ளிக்கிழமை நான் படையல் போடுகிறேன் என்று சொல். என் கையாலேயே போடுகிறேன். பத்திரிகை அடிக்கச் சொல். பிறகு இந்த ஊசி, பெட்டி எல்லாம் எதற்கு? கல்யாணம்தான் நடக்கப்போகிறதே. வேண்டாம் அம்மா, மூடி வையுங்கள்.

வடிவு. கையை நீட்டாதே.

“எடுங்கக்கா. அம்மா அப்படித்தான்.”

என்ன அப்படித்தான்?

“ரெண்டு பேருக்கும் இருந்தா வயித்துல இருக்கும்போதே பாத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்கம்மா. அதுக்குத்தான் இப்பவே தெரியணும்.”

பார்த்து?

பார்த்து என்ன செய்வீர்கள்?

கேட்கிறேன் அல்லவா. பார்த்து, அது கோமதி மாதிரி என்று தெரிந்தால், என்ன செய்வீர்கள்?

“அம்மா, அவளுக்கு வலிச்சுதும்மா. நான்தான அவகூடப் படுத்திருந்தேன். உனக்குத் தெரியாது. ராத்திரி எல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டே இருப்பா. நான் அவ வாயில என் கைய வச்சிருக்கேன்.”

உனக்கு வலித்ததா என்று நான் கேட்கவே இல்லையே வடிவு. அவளைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம். பெற்றவளுக்குத் தெரியாதா? அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள் அம்மா. வலி இருந்தால் சிரிப்பாளா? கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனால், கொஞ்ச நேரம் கழித்து, எங்கேயோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு சிரிப்பு வரும். அதற்காகக் காலையிலிருந்து காத்திருக்கலாம். நான் காத்திருந்தேன்.

எடுத்துவிட்டீர்களா. அதற்குள்ளா.

இவ்வளவுதானா ரத்தம்? கோமதிக்கு நரம்பே கிடைக்காது, நாலு இடத்தில் குத்துவார்கள். இவளுக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது. பஞ்சை அழுத்திப் பிடி வடிவு. போ, உள்ளே போய் உட்கார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது, அப்பாவும் அத்தையுமாகத்தான் இருக்கும், கதவைத் திற.

மெர்லின், இங்கே வாருங்கள், பக்கத்தில் வாருங்கள். அவர்கள் செருப்பைக் கழற்றி, கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அதற்குள் ஒன்று சொல்கிறேன். நான் முதலில் கேட்டதை விட்டுவிடுங்கள். கோமதி இருக்கிறாள் என்று இனிமேல் நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். செத்துப்போய்விட்டாள் என்று நானே சொல்லிவிடுகிறேன். மதினிக்கு அதுதானே வேண்டும்.

ஆனால் பிறகு, கல்யாணம் முடிந்து, இவள் வயிற்றில் ஒன்று தரித்து, அதையும் பார்க்க உங்களிடம்தான் அனுப்புவார்கள் இல்லையா? நீங்கள்தானே பார்ப்பீர்கள்? அப்போது அது அவளாக இருந்தால், உங்களுக்குத் தெரிந்துவிடும். எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கோமதியை இத்தனை நாள் நீங்கள்தான் வைத்துக் காப்பாற்றியிருக்கிறீர்கள், அவள் முகம் உங்களுக்குத் தெரியாமல் போகாது.

ஒன்றும் இல்லை, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் அம்மா. நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.